பதில்: சமூகத் தொழில்முயற்சிகளில் ‘தொழில்முனைப்பு’

எல்லோருக்கும் வணக்கம். சமூகத் தொழில்முயற்சியில் (இலாபத்தைவிடச் சமூக நோக்கத்துக்காக நடத்தும் தொழிலில்) உறுப்பினர்கள் தாமாக முனைந்து செய்வதற்கு என்ன தமிழ்ச்சொல் என்ற பேச்சுக்கு என் பதில் இது. சென்னை நண்பர் கேட்டிருந்தார்:

> ‘என்டர்பிரனூரியல் பிஹேவியர்’ என்பதற்குத் ‘தொழில்முனைவு நடத்தை’ போதுமே. புதுச்சொல் எதற்கு?

சென்னை நண்பருக்குப் போதும்தான். இலங்கையில் நாங்கள் ‘முயற்சியாண்மை’ என்று படித்தவர்கள். அதோடு ‘நடத்தை’யை ஒட்டி ஒரு பெண்கள் சங்கத்தின் அறிக்கையில் எழுதக் கை கூசுகிறது. (இந்த ‘ஆண்மை’ ஆணைக் குறிப்பதல்ல, வேளாண்மையில் வரும் அதே ஆண்மைதான், தெரியும்.)

என் சிக்கல் அதுவல்ல. இரண்டு சொல்லுமே முதல் போட்டுக் கடை திறந்தவரைத்தான் நினைவூட்டுகின்றன. நாம் பெயர் தேடுவதோ உள்ளே வேலை செய்யும் உறுப்பினரின் செயலுக்கு. முகாமைத்துவ ஆய்வாளர் டானி மில்லர் 1983இல் நிறுவனங்களைப் பற்றிச் சொன்ன புத்தாக்கம், முந்திச் செயற்படல், இடர் ஏற்றல் மூன்றும் அந்த உறுப்பினரிடமும் இருக்கலாம்.

கிழக்கிலங்கையின் மருதமுனையில் ஒரு கைத்தறிச் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். நூல் என்ன விலை, கொழும்புக் கடைக்காரர் சாரத்தை (லுங்கியை) என்ன விலைக்கு எடுக்கிறார், எந்த நிறம் தேங்கிக் கிடக்கிறது என்பதெல்லாம் தறியில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், கொடுத்த டிசைனைத்தான் நெய்வார். கணக்கைக் கூட்டத்தில் விரித்து வைத்தால், ‘ஒரு பாவுக்கு மட்டும் கரையை மாத்திப் பார்ப்பமா?’ என்று கேட்பார் (பாவு என்பது தறியில் ஒருமுறை ஏற்றும் நெடுக்கு நூல்). நட்டம் வராது என்றில்லை. வந்தால் எவ்வளவு என்று இப்போது தெரியும். தறிக்காரரின் கைப்பக்குவமும் அதேபோல் மற்றவர்களுக்குப் போகவேண்டும். மெய்யியலாளர் மைக்கேல் பொலானி சொன்ன உள்ளுறை அறிவு அது. எழுதிக் கொடுத்து வராது, பக்கத்தில் இருந்துதான் பழகவேண்டும்.

தனியார் கடையில் டிசைன் வெளியே போனால் நட்டம், ஆகவே ஒளிப்பார்கள். சமூகத் தொழில்முயற்சியில் இலாபம் பெரும்பாலும் நோக்கத்துக்கே திரும்புவதால் ஒளிக்கக் காரணம் குறைவு. ஆனால் கூலி துண்டுக்கணக்கில் என்றால் கதை வேறு. பக்கத்துத் தறிக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்துக்கு யார் காசு தருவது? பயிற்சிப் பட்டறை வைப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

ஆகவே, துறைக்கு ‘முயற்சியாண்மை’ இருக்கட்டும். உறுப்பினரின் செயலுக்குத் ‘தொழில்முனைப்பு’. ‘நொலெஜ் ஷெயரிங்’குக்கு ‘அறிவுப் பகிர்வு’ சரி. ‘பரிமாற்றம்’ வேண்டாம், அதை ‘டிரான்ஸ்ஃபர்’க்கு ஏற்கெனவே எழுதுகிறார்கள்.

‘என்டர்பிரனூரியல் ஓரியன்டேஷன்’ (நிறுவனம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் போக்கு) தான் மிச்சம். ‘முனைப்புநிலை’ என்றால் ‘தொழில்முனைப்போடு’ குழம்பும். ‘முயற்சியாண்மைச் சார்பு’ என்று போடலாமா? அக்கா, நீங்கள் வணிகக்கல்வி படிப்பிப்பவர், சொல்லுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து