கூகுள் எர்த்தில் வரைந்தால் பட்டாவை விட 7 சென்ட் குறைகிறது, என்ன செய்வது?

துறையூர்_புஞ்சை:
வணக்கம். துறையூர் பக்கம் அப்பா பேரில் புஞ்சை நிலம் இருக்கிறது. பட்டாவில் 0.62.50 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 54 சென்ட். நான் வெளியூரில் இருப்பதால் கூகுள் எர்த்தில் பாலிகன் போட்டுச் சுற்றிலும் வரைந்து பார்த்தேன், 1 ஏக்கர் 47 சென்ட்தான் காட்டுகிறது. கிழக்குப் பக்கத்துக்காரர் சமீபத்தில் கம்பி வேலி போட்டார், அவர்தான் உள்ளே வந்துவிட்டார் என்கிறார் அப்பா. இந்தப் படத்தைக் காட்டி அவரிடம் பேசலாமா? எஃப்எம்பியும் (சர்வே துறையின் புல அளவு வரைபடம்) இறக்கி வைத்திருக்கிறேன், அதை மேப்பில் எப்படிப் பொருத்துவது?

வரப்போரம்:
தம்பி, அந்தப் படத்தோடு போய்ப் பேச வேண்டாம், வீண் சண்டையாகிவிடும். கோட்டை எங்கே போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். பயிர் முடிகிற இடத்தில் போட்டிருந்தால் வரப்பு முழுக்க வெளியே போயிருக்கும், பொது வரப்பில் பாதி உங்களுடையது. உங்கள் நிலத்தைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 79 மீட்டர். கோடு சுற்றிலும் 1 மீட்டர் உள்ளே தள்ளி விழுந்தாலே 312 சதுர மீட்டர் குறையும், அது மட்டும் 7.7 சென்ட். யாரும் ஒரு அடி நகராமலே உங்கள் 7 சென்ட் காணாமல் போயிருக்கலாம்.

மேப்_பித்தன்:
இன்னொன்று, சாட்டிலைட் படமே சில இடங்களில் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். மொத்தமாக நகர்வதால் பரப்பு மாறாது, ஆனால் எல்லைக் கோடு பக்கத்து நிலத்தில் போய் விழும். டிஎன்ஜிஐஎஸ் (தமிழக அரசின் வரைபடத் தளம்) தளத்தில் சர்வே எண் கோடுகள் படத்தின் மேல் விலகித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃப்எம்பியில் அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் கிடையாது, அது தனிப் படம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் (படத்தை மேப்பில் பொருத்தும் கருவி) திறந்து, எஃப்எம்பியில் உள்ள எல்லைக் கற்களில் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கைந்து, நிலத்தில் எங்கே இருக்கின்றன என்று கொடுத்துப் பொருத்துங்கள். அதில் ஹெல்மர்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றில் பல படத்தை இழுத்து வளைத்துவிடும். மேப்பின் ஆயத்தொலை முறையாகத் துறையூருக்கு யூடிஎம் மண்டலம் 44 வடக்கு சரி (கோவைப் பக்கம் என்றால் 43). போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே மூன்று, நான்கு மீட்டர் பிசகும், அதனால் இதெல்லாம் நிலம் சுமாராக எங்கே இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான்.

துறையூர்_புஞ்சை:
நன்றி. கோடு பயிர் ஓரத்தில்தான் போட்டேன். கிழக்கே வடக்கு மூலையில் கல் இருக்கிறது, தெற்கு மூலையில் தெரியவில்லை என்கிறார் அப்பா.

சங்கிலிக்_கணக்கு:
தெற்கு மூலையில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உழவில் மண் மூடிக் கல் உள்ளே கிடப்பது சகஜம். எஃப்எம்பியில் கல்லுக்குக் கல் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். இருக்கிற கல்லிலிருந்து டேப் பிடித்தால் தேட வேண்டிய இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே போகும் ஜி லைன் அளவையும் சேர்த்துப் பிடித்தால் இன்னும் நெருங்கலாம், ஒரே நீளத்தை வைத்துத் தேடினால் திசை தப்பிவிடும். மூன்று புலங்கள் சேருகிற மூலை என்றால் பக்கத்து சர்வே எண்ணின் எஃப்எம்பியையும் இறக்குங்கள், அதே கல் அதிலும் இருக்கும். பலர் பேரில் கூட்டுப் பட்டாவாக, உட்பிரிவு ஆகாமல் இருந்தால் மட்டும் சிக்கல், உங்கள் பங்குக்கு எஃப்எம்பியில் கோடே இருக்காது.

கல் கிடைக்கவில்லை என்றால் சர்வேயர் அளவைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பம் போடுங்கள். பக்கத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகும், அவரை வைத்துக்கொண்டே அளப்பார்கள். அதற்கு முன்னால் வேலியில் கை வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.