புதுப்பிப்பு: வெனீர் பல்லுக்கு அலைனர், நான்கு மாதம் கழித்து

மேல் முன்பல் இரண்டிலும் போர்சலின் வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு) இருக்கிறது, பல்வரிசை மறுபடி கோணலாகிறது, அலைனர் (பல்லை வரிசையாக்க, செட் செட்டாக மாற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன். இப்போது ஒன்பதாவது செட்.

வெனீரே பெயர்ந்து வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். வரவில்லை. படுத்தியது அட்டாச்மென்ட், அதாவது அலைனர் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் பல் நிறப் பொட்டு. மற்ற பற்களில் ஒட்டியவை அசையவே இல்லை. வெனீர் மேல் ஒட்டியது மட்டும் இரண்டாம் வாரமே, இட்லி சாப்பிட அலைனரைக் கழற்றியபோது அதோடு வந்துவிட்டது. போர்சலின் வழவழப்பானது, அமிலம் வைத்துச் சொரசொரப்பாக்கி, சைலேன் என்ற பிடிப்புத் திரவம் தடவி ஒட்ட வேண்டுமாம். மறுமுறை அப்படிச் செய்தார்கள், நிற்கிறது. கடைசியில் அதை எடுக்கும்போது வெனீரின் பளபளப்பு குறையலாம், பாலிஷ் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது கொஞ்சம் கவலைதான்.

அப்புறம், கழற்றும் விதம் ரொம்ப முக்கியம். கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் நகம் கொடுத்து இருபுறமும் தளர்த்துங்கள்; முன்பல்லுக்குக் கடைசியில் வாருங்கள். முன்னாலிருந்து இழுத்தால் இழுவை முழுக்க வெனீர் மேல்தான்.

வெனீர் முதலிலா, அலைனர் முதலிலா என்று கேட்டவருக்கு: இன்னும் வெனீர் போடவில்லை என்றால் தயவுசெய்து முதலில் பல்லை வரிசையாக்குங்கள். பல் நேரானால் வெனீருக்காகப் பல்லைக் குறைவாகச் செதுக்கினாலே போதும், சிலருக்கு வெனீரே தேவைப்படாது.