விறகு அடுப்புக் கருவாட்டு அறை: புளோவரைப் பெரிதாக்கலாமா?

கேள்வி (குச்சவெளி):
மாரியில் வெயில் இல்லாததால் நெத்தலியை அறைக்குள் உலர்த்துகிறோம். விறகு அடுப்பைச் சுற்றித் தகரக் கூடு. அதற்குள் புளோவர் காற்றைத் தள்ளும். சூடான காற்று 6 அங்குலக் குழாயால் தட்டுகளுக்குப் போகும். கால் குதிரைவலு மோட்டர், நிமிடத்துக்கு 1400 சுற்று, நேரடி இணைப்பு. முதல் தட்டில் 65 பாகை, கடைசித் தட்டில் 38. முன்னுக்கு மீன் அவியுது, பின்னுக்கு ஈரம் போகுதில்லை. 1 குதிரைவலு போடச் சொல்லுகினம். சரிவருமா?

பதில் (கிண்ணியா):
மோட்டருக்கு இப்ப காசு செலவழிக்காதேங்கோ. குறை குழாயில்தான். 8 அங்குலமாக்கினால் அதே காற்றுக்கு உராய்வு இழப்பு ஏறக்குறையக் காற்பங்குக்கு இறங்கிவிடும். சதுர முடக்கு இருந்தால் கழற்றிவிட்டு இரண்டு 45 பாகை வளைவு போடுங்கோ.

கணக்கு இதுதான்: வெளிக்காற்று 28 என்றால் இப்போது 37 பாகை ஏறுகிறது. அதே நெருப்பில் காற்று ஒன்றரை மடங்கானால் ஏற்றம் 25 ஆகும். முதல் தட்டு 53க்கு வரும். காற்று விரைவாகக் கடப்பதால் கடைசித் தட்டுக்கும் சூடு மிஞ்சும். நெத்தலிக்கு 50 அளவு போதும். ஆரம்பத்திலேயே கூட்டினால் மேல்தோல் இறுகி உள்ளீரம் அடைபடும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கோ. புளோவரின் உருளைச் சக்கரத்தில் சின்ன இறகுகள் முன்னுக்கு வளைந்திருந்தால், தடை குறையக் குறைய மோட்டர் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். குழாய் மாற்றியதும் அறைக் கதவைச் சாத்தி, கிளாம்ப் மீற்றரால் அளவுங்கோ. தகட்டில் எழுதிய அம்பியரைத் தாண்டினால் வாயிலில் தடுப்புத் தகடு வைத்துக் குறையுங்கோ, இல்லாவிட்டால் அரைக் குதிரைவலு போடுங்கோ.

கேள்வி (குச்சவெளி):
பெல்ட் வைத்துச் சுற்றைக் கூட்டினால்?

பதில் (கிண்ணியா):
சுற்று 20 வீதம் கூடினால் வலு 1.7 மடங்கு கேட்கும். கால் குதிரைவலு தாங்காது.

பதில் (மூதூர்):
பழைய மோட்டர் வாங்கினால் தகட்டை வாசியுங்கோ. 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் நம்முடைய 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு எடுக்காதேங்கோ. கடலுப்புக் காற்றுக்கு மூடின உடல் மோட்டர்தான் நிலைக்கும்.

புளோவர், தகரக் கூட்டின் நுழைவாயிலில் நின்று குளிர்காற்றைத் தள்ள வேணும். அறைப்பக்கத்தில் வைத்து உறிஞ்சினால், அடுப்புத் தகட்டில் சிறு வெடிப்பு இருந்தாலும் புகையும் காபனோரொட்சைட்டும் அறைக்குள் வரும். சோதிக்க, அடுப்பு எரியும்போது புளோவரை நிறுத்தித் திரும்பப் போடுங்கோ. போட்ட உடனே சுவாலை ஆடினால் வெடிப்பு இருக்கிறது, அதை அடைக்காமல் அடுப்பை எரிக்காதேங்கோ.

கேள்வி (குச்சவெளி):
தள்ளுற பக்கம்தான் வைத்திருக்கிறம். கரண்ட் போனால்?

பதில் (மூதூர்):
அடுப்பின் காற்றுவழியை உடனே சாத்துங்கோ. புகைபோக்கியை மூடாதேங்கோ. கூட்டின் உச்சியில் கையால் திறக்கிற ஒரு கதவு வெட்டி, சூடு வெளியே போகக் குழாய் விடுங்கோ. நெருப்பு தணியும்வரை ஒருவர் அருகில் நிற்க வேணும்.