தாண்டிக்குடி பட்டர் ஃப்ரூட் கீழக்கரைக்கு வர வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். கீழக்கரையில் சின்னப் பழக்கடை வைத்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ), கிவி, டிராகன் பழம் என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் கப்பலில் வந்த பட்டர் ஃப்ரூட் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். தோல் பளபளவென்று இருந்தது. நறுக்கினால் கொட்டையைச் சுற்றிக் கறுப்பு, நார் நாராக. பாதிப் பெட்டி குப்பைக்குப் போனது. மனசே ஆறவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்து மலை ஊரான தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே இந்த மரம் நிற்கிறது. அப்புறம் எதற்குக் கடல் தாண்டி வரவழைக்க வேண்டும்? இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். காயாக ஏற்றினால் பஸ் பயணத்தைத் தாங்கும். வாரம் 30 கிலோ எடுத்துக்கொள்வேன், பணம் கையோடு. அங்கே தோட்டக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

டிராகன் பழம் கள்ளி இனத்துச் செடி, தண்ணீர் அதிகம் கேட்காது. உச்சிப்புளி, திருப்புல்லாணிப் பக்கம் யாராவது வைத்திருக்கிறீர்களா? முதலில் உங்களிடம்தான் வாங்குவேன்.

கிவி இமாச்சலத்திலும் அருணாசலத்திலும் விளைகிறது. அந்தச் சரக்கு மதுரைக்கு வருகிறதா, எந்த மாதம்? வெளிநாட்டுப் பழம்தான் கிடைக்கும் என்றால், எந்த நாட்டுச் சரக்கு, எப்போது இறங்கியது என்று காகிதம் காட்டி விற்கும் மொத்த வியாபாரி வேண்டும்.