பால் சைமனும் கோத்தகிரியின் கொள் குழலும்

பிற நாட்டு மக்களின் இசையை ஒரு ராக் பாடகர் எடுத்தாளலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் நினைவுதான் வரும். 1984-இல் கையில் கிடைத்த ஒரு கேசட்டில் தென்னாப்பிரிக்க அக்கார்டியன் இசையைக் கேட்டு மனம் பறிகொடுத்த அவர், 1985 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் சென்று, அங்குள்ள கலைஞர்களுடன் அமர்ந்து இசைப்பதிவு செய்தார். நியூயார்க் கலைஞர்கள் பெற்ற ஊதியத்தைப் போல மூன்று மடங்கை அவர்களுக்கு அளித்தார். தாளத்தையும் இசையையும் முதலில் பதிந்துகொண்டு, ஊர் திரும்பிய பிறகே பெரும்பாலான பாடல்வரிகளை எழுதினார். அதனால்தான் 1986-இல் வெளிவந்த 'கிரேஸ்லேண்ட்' பாடல் தொகுப்பில், தென்னாப்பிரிக்கக் கலைஞர்களான ரே ஃபிரியின் கிட்டாரும் பகிதி குமாலோவின் பேஸ் கிட்டாரும் பின்னணியாக ஒதுங்கிவிடாமல், பாடும் குரலையே நடத்திச் செல்கின்றன. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிராக, வெளிநாட்டுக் கலைஞர்கள் அங்கே செல்லக்கூடாது என்ற பண்பாட்டுப் புறக்கணிப்பு நடப்பில் இருந்தபோது அவர் சென்றதை, நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் 1987-இல் அதே இசையை மேடைக்குக் கொண்டுவந்தபோது, நாடுகடந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்க இசைக் கலைஞர்களான மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் அவருடன் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கோத்தகிரியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. அருகிலுள்ள, நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ஊரில் கொள் என்னும் குழலை வாசிக்கும் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூக்கால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் தேக்கி, ஒலி அறுபடாமல் அவர் ஊதிக்கொண்டே இருப்பார். அந்தக் குழலின் சுருதி கிட்டாரின் கட்டைகளுக்குள் அடங்காது. ஆகவே கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அவர் தலையசைக்கும் வரை அவருடைய ஒலிக்கு இணங்க வைத்தேன். சாமிக்கு உரிய மெட்டு, ஆட்டத்துக்கு உரிய மெட்டு, சாவுக்கு உரிய மெட்டு எனத் தங்களிடம் தனித்தனியே உண்டு என்றும், ஆட்ட மெட்டுகளை மட்டும் என்னுடன் வாசிக்கலாம் என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். அந்த எல்லைக்குள் நின்றே பதிவு செய்தோம்; ஊதியத்தை அன்றே கொடுத்து, அவர் பெயரை என் பெயருக்கு முன்னால் எழுதினேன்.

சைமனின் அடுத்த தொகுப்புக்கு, பிரேசிலின் சால்வடோர் நகரத்தில் ஒலோடும் குழுவினரின் முரசொலியைத் தெருவிலேயே பதிவு செய்தார்கள். எங்கள் அடுத்த பதிவையும் அவ்வாறே கோத்தர் ஊரில், ஆட்டக்காரர்கள் சூழ நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிச் சொல்வதாகத் தெரிவித்திருக்கிறார்கள்.