தென்னங்கன்று கலப்பினம்தானா? இலையைச் சோதித்துப் பார்த்தோம்

தென்னங்கன்று வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாலு வருடம் முன்பு ஒரு நாற்றங்காலில் குட்டை-நெட்டை கலப்பு என்று சொன்னதை நம்பி 60 கன்று வாங்கி நட்டேன், தாய் பச்சைக் குட்டை, தந்தை நெட்டை. போன வருடம் பார்த்தால் சில மரங்கள் தூர் பருத்துக் கிளம்புகின்றன, சில குட்டை மரம் போல அடியிலிருந்தே ஒல்லியாக நிற்கின்றன. தண்ணீர் சரியில்லை என்றார்கள், மண் என்றார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை, கலப்புதானா என்றே சந்தேகம் வந்தது.

அண்ணன் மகள் தாவர மரபியல் படிக்கிறாள். சந்தேகம் வந்த 12 மரத்திலிருந்து குருத்தோலையை நறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு, எத்தனை தடவை திரும்புகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும், அதைத்தான் மார்க்கராக வைத்துப் பார்க்கிறார்கள். அந்த டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல் படத்தைக் காட்டினாள். முதல் வரிசையில் பச்சைக் குட்டைக்கு ஒரு கோடு, அடுத்து நெட்டைக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு, அப்புறம் நம் மரங்கள். இரண்டு கோடும் இருந்தால் கலப்பு. தாயின் கோடு மட்டும் என்றால் தாய் தன் மகரந்தத்திலேயே காய்த்தது.

ஆனால் ஒரே மார்க்கரை நம்பக் கூடாது. நெட்டையிலும் அதே நீளம் தற்செயலாக இருக்கலாம், அப்போது நிஜக் கலப்பும் ஒரு கோடாகத்தான் தெரியும். முதல் மார்க்கரில் ஒரு கோடு காட்டிய இரண்டு மரம் அடுத்ததில் இரண்டு கோடு காட்டின. ஆறு மார்க்கர் பார்த்த பிறகு 5 மரம் சுத்தமான குட்டை என்று முடிவானது. அந்தப் படத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது, நாலு வருட உழைப்பு அல்லவா.

காரணமும் புரிந்தது. குட்டையில் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் தயாராகிவிடும், பாளை வெடித்ததும் ஆண்பூவை ஒன்று விடாமல் கிள்ளாவிட்டால் அதுவே சேர்ந்துவிடும். காசர்கோட்டில் வெளியிட்ட சந்திர சங்கரா என்ற கலப்பினத்துக்குத் தாய் ஆரஞ்சுக் குட்டை, அதனால் இலைக்காம்பு ஆரஞ்சாக வரும் கன்றைத் தாய் தன் மகரந்தத்திலேயே காய்த்தது என்று நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம். பச்சைக்குப் பச்சை சேர்ந்தால் கண்ணுக்கு அந்த அடையாளம் கிடையாது.

தந்தை எந்த நெட்டை மரம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். தாய் மரத்தைச் சுற்றி நின்ற நெட்டை எல்லாவற்றிலும் இலை எடுத்து ஒப்பிட வேண்டுமாம், நெட்டை மரத்துக்கு மரம் வேறு. அதை விட்டுவிட்டேன். அந்த 5 மரத்தை இளநீருக்கு வைத்துக்கொள்கிறேன். இன்னும் சோதிக்காத மீதி 48 மரத்தின் குருத்தும் இந்தக் கோடையில் போகிறது, முடிவு வந்ததும் எழுதுகிறேன்.