காலிபரேஷனில் பூஜ்ஜியம் வந்தபோது: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தேவகோட்டையிலிருந்து:

நகைக்கடன் ஏலம்வரை போகுமா என்று கணிக்கும் மாடலை ஐசோடோனிக் முறையில் காலிபரேஷன் செய்திருந்தோம்; அதாவது, மாடலின் மதிப்பெண்களைப் படிகளாகப் பிரித்து, உண்மையில் நிகழ்வதோடு ஒத்துப்போகும் நிகழ்தகவாக மாற்றியிருந்தோம். சோதனை வரைபடத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் அடுத்த காலாண்டில், நிகழ்தகவு எவ்வளவு தவறியது என்று அளக்கும் லாக் லாஸ் வரவேண்டிய இடத்தில் முடிவிலி நின்றது. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு கணக்கு: மாதம் தவறாமல் வட்டி கட்டிவந்த ஓர் ஆச்சியின் காசுமாலை. மாடல் அதற்குத் தந்தது தசமத்தில் சுருங்கிய 0.000 அல்ல, சுத்தமான 0. நகையோ ஏலத்திற்குப் போய்விட்டது. இப்போது 0.001-க்குக் கீழே இறங்காதபடி வெட்டிவிடுகிறோம். ஆனாலும் அந்த 0 உறுத்துகிறது.

காரைக்குடியிலிருந்து:

உறுத்தத்தான் வேண்டும், ஏனெனில் 0.001 என்பதும் நீங்களாக வைத்த எண்தான். அந்த 0 வந்த படியில் எத்தனை கணக்குகள் இருந்தன என்று சொல்லவே இல்லையே! ஐசோடோனிக் முறை ஒவ்வொரு படியிலும் உண்மையில் நிகழ்ந்த விகிதத்தையே விடையாகத் தருவதால், அந்தப் படியில் ஒருவரும் தவறவில்லை என்றால் 0 வராமல் வேறென்ன வரும்? 1999-இல் ஜான் பிளாட், மதிப்பெண்ணை S வடிவ வளைவால் நிகழ்தகவாக்கும் தம் சிக்மாய்டு முறையை எழுதியபோதே, நிகழ்ந்தவற்றுக்கான இலக்கை 1 என்று வைக்காமல், நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, அதே எண்ணிக்கையோடு 2 கூட்டியதால் வகுத்தார். ஏலம் போனவை 8 என்றால் இலக்கு 0.9 ஆகும். ஆயிரத்தைவிட மிகக் குறைந்த தரவில் ஐசோடோனிக் வேண்டாம் என்று சைக்கிட்-லேர்ன் என்ற நிரல் நூலகத்தின் ஆவணமும் சொல்கிறது. ஒரே ஆளின் கடன்கள் பயிற்சித் தரவிலும் காலிபரேஷன் தரவிலும் கலந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். எனக்கு நேர்ந்தது சிறியது: மாடல் தந்த புதிய மதிப்பெண், காலிபரேஷன் தரவில் இருந்த மதிப்பெண்களின் எல்லையைத் தாண்டியதும், நிகழ்தகவுக்குப் பதிலாக ‘எண் அல்ல’ என்ற குறி வந்தது, எல்லைக்கு வெளியே வருவதை என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஆத்தங்குடியிலிருந்து:

இருவரும் இரண்டே வகைகளோடு நின்றுவிட்டீர்கள். நாங்கள் தரையில் பதிக்கும் பூக்கற்களைப் படமெடுத்து விரிசல், நிறக்கலங்கல், நல்ல கல் என மூன்றாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு வகையையும் மற்றவற்றுக்கு எதிராகத் தனித்தனியே காலிபரேஷன் செய்து, பிறகு கூட்டுத்தொகை 1 ஆகும்படி வகுக்கிறோம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து ஈரம் காயாத, புதிய அச்சில் வார்த்த கல் ஒன்றுக்கு மூன்றுமே 0 ஆயின. 0-ஆல் வகுக்க வழியின்றி மென்பொருள் சமமாகப் பங்கிட்டதால் திரையில் 0.33, 0.33, 0.33 என்று வந்தது. மேஸ்திரி, “மூணுல ஒரு பங்கு விரிசலாப்பா?” என்று கேட்டுவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, அதை நல்ல அடுக்கில் வைத்தார். இதற்கு வெட்டுவதும் உதவாது, பிளாட் திருத்தம் மட்டும் போதுமென்றும் தோன்றவில்லை. வகுப்பதற்கு முந்தைய மூன்று எண்களையும் இப்போது தனியே பதிந்துவைத்து, மூன்றும் 0 என்றால் கல்லை நேரே மேஸ்திரியிடம் அனுப்புகிறோம்.